வெயிலுக்கு மருந்தா, நிழலா?



சீன நாட்டின் தென்மேற்குப் பகுதியில், யாங்சி ஆற்றங்கரையில், சோங்சிங் என்ற பெருநகரம் இருக்கிறது. சுற்றிலும் மலைகள். கோடைக்காலத்தில் காற்று அசையாது. ஆற்றின் ஈரம் மேலே எழும்பிப் புழுக்கமாக நகரின் மீது கவிந்து நிற்கும். சோங்சிங், ஊகான், நான்ஜிங் ஆகிய மூன்று நகரங்களையும் 'மூன்று உலைகள்' என்று சீன மக்கள் சொல்வது வழக்கம். 2022ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18ஆம் நாள் சோங்சிங்கைச் சேர்ந்த பெய்பெய் பகுதியில் வெப்பநிலை 45 டிகிரி செ. அளவை எட்டியது. அந்த ஆண்டு சீனாவைத் தாக்கிய வெப்ப அலை 70 நாட்களுக்கு மேல் நீடித்தது. 1961 முதல் உள்ள பதிவுகளில் அத்தனை நீண்ட வெப்ப அலை வேறொன்று இல்லை.

இப்படிப்பட்ட கோடையில் சீன மக்கள் வீட்டில் என்ன மருந்தை வாங்கி வைப்பார்கள் தெரியுமா? பத்து மில்லி லிட்டர் பிடிக்கும் சின்னஞ்சிறு குப்பிகள் அடங்கிய ஓர் அட்டைப் பெட்டி. குப்பிக்குள் கரும்பழுப்பு நிறத் திரவம். மூடியைத் திறந்தாலே மூக்கைத் துளைக்கும் மணம். சுவையோ, குழந்தைகள் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஓடும்படியான காரமும் கசப்பும். இதன் பெயர் 'ஹுவோஷியாங் ஜெங்சி'. கோடையில் தலை சுற்றினாலும், வாந்தி வந்தாலும், வயிறு கெட்டாலும், வெயிலில் மயங்கி விழுந்தாலும், "ஒரு குப்பி குடி" என்று சொல்லும் அளவுக்கு இது பெயர் பெற்றுவிட்டது.

இந்த மருந்தைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். இது நல்லதா கெட்டதா என்று ஒரே சொல்லில் தீர்ப்புக் கூறிவிடலாம். ஆனால் அது விஞ்ஞானத்தின் வழி ஆகாது. எந்த நோய்க்கு, யாருக்கு, எப்போது என்ற மூன்று கேள்விகளையும் கேட்காமல் எந்த மருந்தைப் பற்றியும் பேச முடியாது. இந்தக் கேள்விகளை மறந்துவிட்டால் உயிரே போகக்கூடும் என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

அரசாங்கம் நடத்திய மருந்துக் கடை

இந்த மருந்தின் வரலாறு சுவையானது. சோங் வம்சத்து மன்னர்கள் சீனாவை ஆண்ட காலம். 1076ஆம் ஆண்டு தலைநகரான கைஃபெங்கில் அரசாங்கமே ஒரு மருந்துக் கடையைத் திறந்தது. பக்குவம் செய்த மருந்துகளைச் சரியான விலையில் மக்களுக்கு விற்பது அதன் நோக்கம். பிறகு இத்தகைய கடைகள் பல ஊர்களிலும் ஏற்பட்டன. கடைக்குக் கடை மருந்து மாறக் கூடாது அல்லவா? ஆகவே எந்த மருந்தில் எந்தச் சரக்கு எவ்வளவு சேர வேண்டும் என்பதைத் தொகுத்து ஓர் அரசு நூல் உருவாக்கப்பட்டது. 'தாய்பிங் ஹுயிமின் ஹேஜி ஜூஃபாங்' என்று வழங்கும் அந்நூல் 12ஆம் நூற்றாண்டில் பல முறை திருத்தி விரிவாக்கப்பட்டது. மருந்துகளுக்கு ஒரே அளவு, ஒரே செய்முறை என்று அரசாங்கமே வரையறுத்தது அந்தக் காலத்துக்கு மிகப் பெரிய முன்னேற்றம்.

நம் மருந்து அந்த நூலில் இருக்கிறது. அதில் சேரும் சரக்குகள் பதினொன்று. அவற்றுள் சில உங்களுக்கும் அறிமுகமானவைதாம்.

முதன்மையானது ஹுவோஷியாங் இலை. இது மட்டும் மூன்று பங்கு. துளசிக் குடும்பத்தைச் சேர்ந்த இந்தச் செடி 'பச்சோலி' என்ற பெயரில் உலகெங்கும் நறுமண எண்ணெய்க்காகப் பயிரிடப்படுகிறது. ஆங்கிலத்தில் வழங்கும் இந்தப் பெயர் தமிழிலிருந்து சென்றது என்று அகராதிகள் கூறுகின்றன. அதற்குள் நம் 'பச்சை' ஒளிந்துகொண்டிருப்பதைக் கவனித்தீர்களா?

அடுத்து அதிமதுரம், இரண்டரைப் பங்கு. காய்ந்த ஆரஞ்சுத் தோல், மக்னோலியா மரத்தின் பட்டை, வேறு இரண்டு செடிகளின் வேர்கள், 'பான்ஷியா' என்ற ஒரு கிழங்கு ஆகியவை இரண்டிரண்டு பங்கு. கமுகங்காயின் நார்த் தோல், துளசிக் குடும்பத்தைச் சேர்ந்த இன்னோர் இலை, ஏஞ்சலிகா என்ற செடியின் வேர், பைன் மரத்தின் வேரில் வளரும் ஒரு பூஞ்சைக் கட்டி ஆகியவை ஒவ்வொரு பங்கு.

பான்ஷியா கிழங்கு நம் சேனை, சேம்பு ஆகியவற்றின் உறவு. சேனையைப் பக்குவம் செய்யாமல் தின்றால் தொண்டை அரிக்கிறதே, ஏன்? அதனுள் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருக்கின்றன. பான்ஷியாவிலும் அவை உண்டு. பச்சையாகத் தின்றால் தொண்டை எரியும், வீங்கும். எனவே அதைப் புளிக்க வைத்துப் பக்குவம் செய்த பிறகே இந்த மருந்தில் சேர்த்தார்கள். பண்டைய மருத்துவர்கள் கூர்ந்து கவனிப்பவர்கள் என்பதற்கு இது ஒரு நல்ல சான்று.

பழைய நூல் சொல்வது என்ன?

இனி, மருந்தை எப்படிச் சாப்பிட வேண்டும் என்று அந்த நூல் கூறுவதைக் கேளுங்கள். சரக்குகளைப் பொடியாக்கி, ஒரு வேளைக்கு இரண்டு 'சியன்' எடுத்து, மூன்று துண்டு இஞ்சியும் ஓர் இலந்தைப் பழமும் சேர்த்து நீரில் காய்ச்சி, சூடாகக் குடிக்க வேண்டும். வியர்வை வர வேண்டுமானால் போர்வையால் மூடிக்கொண்டு, மேலும் ஒரு முறை காய்ச்சிக் குடிக்க வேண்டும்.

சற்று நில்லுங்கள். சூடாகக் குடிப்பதா? போர்த்திக்கொள்வதா? வெயிலில் வெந்து விழுந்தவனுக்கா இப்படிச் சொல்வார்கள்?

இல்லை. அந்த நூல் இந்த மருந்தை வெயிலில் விழுந்தவனுக்காகச் சொல்லவே இல்லை. குளிரால் வரும் நோய்களின் பகுதியில்தான் அதைச் சேர்த்திருக்கிறது. குளிரும் ஈரமும் உடலைத் தாக்கி, தலைவலி, நடுக்கம், வாந்தி, வயிற்றுப்போக்கு ஆகியவை வரும்போது கொடுக்கும் மருந்து அது. கோடையிலும் அப்படி வருவதுண்டு. புழுக்கம் தாங்காமல் குளிர்ந்த நீரை மேலும் மேலும் குடித்து, இரவெல்லாம் ஈரக் காற்றில் படுத்து, கெட்டுப்போன உணவையும் உண்டவனுக்கு வயிறு புரட்டும், உடல் நடுங்கும். அவனுக்கு உரியது இந்த மருந்து என்று சீன வைத்தியர்கள் கருதினார்கள். இன்றும் கற்றறிந்த சீன வைத்தியர்கள், "வெயில் தாக்கியவனுக்கு இதைக் கொடுக்காதீர்கள்" என்றே எச்சரிக்கிறார்கள்.

1251இல் மறைந்த லீ தொங்யுவான் என்ற புகழ்பெற்ற வைத்தியர் இந்த வேறுபாட்டைத் தெளிவாக எழுதிவைத்திருக்கிறார். பெரிய மாளிகையின் உட்கூடத்தில் வெயிலுக்கு ஒதுங்கியிருந்து கோடை நோய் கண்டவர் ஒரு வகை. நடுப்பகலில் வழி நடந்தும் வயலில் உழைத்தும் நோய் கண்ட வழிப்போக்கரும் உழவரும் வேறு வகை. இரண்டுக்கும் ஒரே சிகிச்சை ஆகாது என்பது அவர் கருத்து. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் எவ்வளவு கூர்மையாகப் பார்த்திருக்கிறார்! மாளிகைக்காரருக்கு ஏற்ற மருந்தை உழவருக்குக் கொடுப்பது, மரபின் கணக்குப்படியே தவறு.

ஆனால் இன்று நடப்பது என்ன? 'கோடை நோய்' என்ற ஒரே பெயரின் கீழ் எல்லாம் ஒன்றாகிவிட்டன. மருந்தின் பெயர் மட்டும் மக்கள் நினைவில் தங்கியது; அதற்குரிய நோய் எது என்பது மறைந்துபோயிற்று. மரபு, மரபு என்று பேசுகிறோம். அந்த மரபைக்கூட முழுவதும் படிக்காமல் பாதியைப் பிடித்துக்கொள்கிறோம். இது என் முதல் குறை.

உடல் என்னும் உலை

இனி விஞ்ஞானத்தின் பக்கம் வருவோம். வெயில் தாக்கும்போது உடலுக்குள் என்ன நேர்கிறது?

நம் உடலின் இயல்பான வெப்பநிலை சுமார் 37 டிகிரி செ. உண்ட உணவு உடலில் எரிந்து வெப்பம் தருகிறது. சும்மா உட்கார்ந்திருந்தாலும் வெப்பம் உண்டாகும்; உழைத்தால் பல மடங்கு. இந்த வெப்பம் வெளியேற வேண்டும். சுற்றியுள்ள காற்று தோலைவிடக் குளிர்ச்சியாக இருந்தால் வெப்பம் தானாகக் காற்றுக்குப் போய்விடும். காற்றும் 40 டிகிரி இருந்தால்? அப்போது வியர்வை ஒன்றே கதி. வியர்வை ஆவியாகும்போது தோலிலிருந்து வெப்பத்தை எடுத்துச் செல்கிறது.

ஒரு சிறிய சோதனை செய்து பாருங்கள். இரண்டு கைகளையும் நனைத்துக்கொள்ளுங்கள். ஒரு கையைப் பிளாஸ்டிக் பைக்குள் நுழைத்துக்கொண்டு, இரண்டையும் விசிறிக்கு முன் நீட்டுங்கள். வெளியில் உள்ள கை சில்லென்று குளிரும். பைக்குள் உள்ள கை அப்படிக் குளிராது. அங்கே தண்ணீர் இருக்கிறது, ஆனால் ஆவியாக வழியில்லை. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் நாம் எல்லோரும் அந்தப் பைக்குள் இருப்பது போலத்தான். வியர்வை வழிந்து சொட்டும், உடல் குளிராது. சோங்சிங்கின் புழுக்கம் கொடியதாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

ஒரு கணக்குப் போடுவோம். 60 கிலோ எடையுள்ள ஒருவரின் உடல் 1 டிகிரி சூடேறச் சுமார் 50 கிலோ கலோரி வெப்பம் போதும். கடினமாக உழைக்கும்போது மணிக்கு 300 கிலோ கலோரி அளவுக்கு உடலில் வெப்பம் உண்டாகலாம். அதில் எதுவுமே வெளியேறாவிட்டால், பத்து நிமிடத்துக்கு 1 டிகிரி வீதம் உடல் சூடேறும்! உண்மையில் ஓரளவு வெப்பம் வெளியேறிக்கொண்டேதான் இருக்கும். ஆனாலும் ஆபத்து எவ்வளவு வேகமாக வரக்கூடும் என்பது இந்தக் கணக்கிலிருந்து விளங்குகிறது அல்லவா?

உடலின் உள்வெப்பம் 40 டிகிரிக்கு மேல் போய், மூளை தடுமாறத் தொடங்கினால் அதுவே வெப்ப மயக்கத்தின் கொடிய நிலை. பேச்சு குழறும், சம்பந்தமில்லாமல் பேசுவார், விழுந்துவிடுவார், வலிப்பும் வரலாம். அந்த வெப்பம் நீடித்தால் மூளை, கல்லீரல், சிறுநீரகம் எல்லாம் கெடத் தொடங்கும். ஆகவே இங்கே நிமிடக் கணக்கில்தான் பேச வேண்டும்.

காய்ச்சல் வேறு, இது வேறு

"காய்ச்சலுக்கு மாத்திரை இருக்கிறதே, அதைப்போல இதற்கும் மருந்து இருக்கக் கூடாதா?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி.

மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி உடலின் வெப்பநிலையை நிர்ணயிக்கிறது. கிருமிகள் தாக்கும்போது அது, "இனி 39 டிகிரி" என்று தானே அளவை உயர்த்திவிடுகிறது. உடல் அதன் கட்டளைப்படி சூடேறுகிறது. இதுதான் காய்ச்சல். பாரசிட்டமால் போன்ற மருந்துகள் அந்த அளவைப் பழைய நிலைக்குக் கொண்டுவருகின்றன.

வெயில் தாக்கும்போது மூளை அளவை உயர்த்தவில்லை. "37தான், 37தான்" என்று அது கதறிக்கொண்டிருக்கிறது. உடலால் வெப்பத்தை வெளியேற்ற முடியவில்லை. எனவேதான் வெப்ப மயக்கத்துக்குப் பாரசிட்டமால் பயன்படுவதில்லை. சேர்ந்துவிட்ட வெப்பத்தை வெளியே எடுக்க வேண்டும்; வேறு வழி இல்லை.

இப்போது நம் குப்பியை எடுத்துக்கொள்வோம். அதில் இருப்பது 10 மில்லி லிட்டர். அது முழுவதும் தோலின் மீது ஆவியானால்கூட எடுத்துச் செல்லும் வெப்பம் சுமார் 6 கிலோ கலோரிதான். அதாவது 1 டிகிரியில் எட்டில் ஒரு பங்கு. ஒரு வாளி தண்ணீரின் கணக்கையும் பாருங்கள். 10 லிட்டர் தண்ணீரை உடல் மேல் ஊற்றுகிறோம். அது உடலைத் தொட்டு ஓடும்போது 5 டிகிரி சூடேறினால் 50 கிலோ கலோரியை எடுத்துச் சென்றுவிட்டது. உடல் 1 டிகிரி குளிர்ந்துவிடும். ஈர உடலின் மேல் விசிறினால், 100 மில்லி லிட்டர் ஆவியாவதற்குள் இன்னும் 58 கிலோ கலோரி போய்விடும். குழாயடியில் கிடைக்கும் தண்ணீரும் ஓர் அட்டை விசிறியும் செய்யும் வேலை இது!

மருந்து வேறு ஏதேனும் வழியில் வேலை செய்யலாமே என்று வாதிடலாம். செய்யலாம். வாந்தியைக் குறைக்கலாம், வயிற்றைச் சரிப்படுத்தலாம். ஆனால் 41 டிகிரியில் கொதிக்கும் உடலுக்கு அது உடனடி உதவி ஆகாது. அந்த நேரத்தில் குப்பியைத் தேடி ஓடுபவர், வாளியைத் தேடி ஓட வேண்டிய நிமிடங்களை இழந்துவிடுகிறார்.

குப்பிக்குள் இன்னொன்றும் இருக்கிறது

இந்த மருந்தைத் திரவமாகச் செய்யும்போது மூலிகைகளின் சத்தைக் கரைக்க மதுசாரம் பயன்படுகிறது. 'ஹுவோஷியாங் ஜெங்சி நீர்' என்ற வகையில் 40 முதல் 50 சதவீதம் எத்தில் ஆல்கஹால் இருக்க வேண்டும் என்று சீன அரசின் மருந்து நூலே கூறுகிறது. பிராந்திக்குச் சமமான காரம்! மாத்திரை வடிவிலும், மதுசாரம் சேராத திரவமாகவும் இது கிடைக்கிறது. ஆனால் பெட்டியின் மேல் உள்ள பெயர் ஏறத்தாழ ஒன்றே. அவசரத்தில் யார் படிக்கிறார்கள்?

10 மில்லி லிட்டரில் 4 முதல் 5 மில்லி லிட்டர் மதுசாரம். பெரியவர் ஒருவருக்கு இது பெரிய அளவல்லதான். குழந்தைக்கோ, மயங்கிக் கிடப்பவருக்கோ கொடுப்பது வேறு விஷயம். மயக்கத்தில் இருப்பவரின் வாயில் எதை ஊற்றினாலும் அது நுரையீரலுக்குள் போய்விடக்கூடும். வேறோர் ஆபத்தும் உண்டு. செபலோஸ்போரின் என்ற வகையைச் சேர்ந்த சில கிருமிக்கொல்லி மருந்துகளைச் சாப்பிடுபவர் உடலில் மதுசாரம் சேர்ந்தால், அது முழுவதும் சிதையாமல் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப் பொருளாகத் தேங்கிவிடும். முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, இரத்த அழுத்தம் இறங்கிவிடும். இந்த மருந்தையும் அந்த மருந்துகளையும் சேர்த்துச் சாப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் சீனாவில் உண்டு. "மூலிகைதானே, கெடுதல் செய்யாது" என்ற எண்ணம் எவ்வளவு தவறானது, பாருங்கள்.

பெயரிலும் சிக்கல் இருக்கிறது. ஹுவோஷியாங் என்ற பெயரில் இரண்டு வெவ்வேறு செடிகள் வழங்குகின்றன. ஒன்று தெற்கே குவாங்தோங்கில் விளையும் பச்சோலி. மற்றொன்று அகஸ்தாக்கே என்ற வேறோர் இனம். இங்கே இரண்டும் பெரிய தீங்கு செய்யாதவை என்பது நல்லகாலம். எப்போதும் அப்படி அமைவதில்லை. பெல்ஜியத் தலைநகரான பிரசெல்ஸில் உடல் மெலிவதற்காகக் கொடுத்த மாத்திரைகளில், ஃபாங்ஜி என்ற பெயரால் ஏற்பட்ட குழப்பத்தில், ஸ்டெபானியா என்ற கொடிக்குப் பதிலாக அரிஸ்டோலோக்கியா என்ற நச்சுக் கொடி சேர்ந்துவிட்டது. 1993இல் வெளிவந்த இந்தச் செய்தி உலகை உலுக்கியது. 100க்கும் மேற்பட்டவர்களின் சிறுநீரகம் கெட்டது. செடிகளுக்குத் தாவரவியல் பெயர் ஏன் வேண்டும் என்று வகுப்பில் சலித்துக்கொள்ளும் நண்பர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆயிரம் ஆண்டு அனுபவம் போதாதா?

"இத்தனை நூற்றாண்டுகளாக மக்கள் பயன்படுத்துகிறார்களே, அந்த அனுபவம் சான்று ஆகாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு என் பதில் இது. கோடையில் வரும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் தாமாகவே நின்றுவிடும். மருந்து குடித்தவருக்கும் நிற்கும், குடிக்காதவருக்கும் நிற்கும். குடித்தவர், "மருந்தால் நின்றது" என்கிறார். குடிக்காதவரை யாரும் கேட்பதில்லை. ஐரோப்பாவில் எந்த நோய்க்கும் இரத்தத்தை வெளியேற்றுவதே சிகிச்சை என்று சுமார் இரண்டாயிரம் ஆண்டுகள் நம்பினார்கள். 19ஆம் நூற்றாண்டில் பாரிசில் பியேர் லூயி என்ற மருத்துவர் நோயாளிகளை எண்ணிக் கணக்கெடுத்துப் பார்த்த பிறகே அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. நீண்ட காலம் நம்பப்பட்டது என்பது, சோதித்துப் பார்க்கத் தகுதியானது என்பதை மட்டுமே காட்டும்.

சோதிப்பது எப்படி? நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுக்களாகப் பிரிக்க வேண்டும். ஒரு குழுவுக்கு மருந்து. மறு குழுவுக்கு அதைப்போலவே தோன்றும் வெறும் கலவை. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியக் கூடாது, பார்க்கும் மருத்துவருக்கும் தெரியக் கூடாது. நம் மருந்தில் இது எவ்வளவு கடினம் என்று யோசியுங்கள்! இந்த மணமும் கசப்பும் இல்லாமல் போலி மருந்தைச் செய்தால் நோயாளி உடனே கண்டுபிடித்துவிடுவார். இந்த மருந்தைப் பற்றிச் சீனாவில் சோதனைகள் நடந்திருக்கின்றன. ஆனால் அவற்றுள் பல சிறியவை. இந்த நிபந்தனைகளைச் சரிவர நிறைவேற்றாதவை. வயிற்றுக் கோளாறுக்கு ஓரளவு பயன்படலாம் என்று எதிர்பார்க்க இடமுண்டு. உறுதியாகச் சொல்ல இன்னும் நல்ல சோதனைகள் வேண்டும்.

அப்படியானால் பழையதை எல்லாம் தூக்கி எறிந்துவிடலாமா? கூடவே கூடாது. இதற்குச் சீனாவிலிருந்தே ஓர் உதாரணம் தருகிறேன். 1967இல் மலேரியாவுக்குப் புதிய மருந்து தேடும் திட்டம் ஒன்று அங்கே தொடங்கியது. அதில் பங்கேற்ற தூ யூயூ என்ற பெண் விஞ்ஞானி, பழைய நூல்களிலிருந்தும் வைத்தியர்களிடமிருந்தும் 2000க்கு மேற்பட்ட குறிப்புகளைத் திரட்டினார். அவருடைய குழு மூலிகைகளிலிருந்து சுமார் 380 சாறுகளைத் தயாரித்துச் சோதித்தது. பெரும்பாலானவை தோல்வி. சிங்ஹாவ் என்ற செடியின் சாறு ஒரு முறை பலன் தந்தது, மறு முறை தரவில்லை. அவர் மீண்டும் பழைய நூல்களைப் புரட்டினார். 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கே ஹொங் என்பவரின் நூலில், அந்தச் செடியை நீரில் ஊறவைத்துப் பிழிந்து சாறு எடுக்கும்படி எழுதியிருந்தது. காய்ச்சும்படி சொல்லவில்லை! சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ என்று ஐயுற்ற அவர், குறைந்த வெப்பத்தில் கொதிக்கும் ஈதரைப் பயன்படுத்திச் சாறு எடுத்தார். 1971 அக்டோபரில் அந்தச் சாறு எலிகளின் மலேரியாவை முழுவதும் அடக்கியது. 1972இல் ஆர்ட்டிமிசினின் என்ற பொருள் தூய நிலையில் பிரித்தெடுக்கப்பட்டது. 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

"பார்த்தீர்களா, பழைய மருத்துவம் உண்மை!" என்று சொல்வதற்காகவே பலர் இந்தக் கதையை எடுத்துக்காட்டுகிறார்கள். கதையை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். நூற்றுக்கணக்கான சாறுகள் தோற்ற இடத்தில் ஒன்று வென்றது. அந்த ஒன்றும், நூலில் எழுதியிருக்கிறது என்பதற்காக வெல்லவில்லை. சோதனையில் தேறியதால் வென்றது. தூ யூயூ பழைய நூலை மதித்தார். ஆகவேதான் அதைச் சோதித்தார். ஹுவோஷியாங் ஜெங்சியும் இந்த மரியாதைக்கு உரியது என்பது என் எண்ணம்.

நிழலுக்கு ஒரு சட்டம்

என் முக்கியமான கருத்துக்கு இப்போது வருகிறேன். வெயிலில் விழுபவர்கள் யார்? லீ தொங்யுவான் சொன்ன உழவரும் வழிப்போக்கரும்தான். இன்று அவர்களோடு கட்டடத் தொழிலாளி, தெருக் கூட்டுபவர், வண்டியில் பொருள் கொண்டுசெல்பவர் ஆகியோரையும் சேர்த்துக்கொள்ளலாம். அவர்களுடைய நோய் மருந்து இல்லாததால் வருவதல்ல. நிழலும் தண்ணீரும் ஓய்வும் இல்லாததால் வருகிறது.

2012ஆம் ஆண்டு சீன அரசு இதற்கு ஒரு விதி செய்தது. நாளின் உச்ச வெப்பநிலை 40 டிகிரியை எட்டினால் அன்று வெளிவேலை நிறுத்தப்பட வேண்டும். 37 முதல் 40க்குள் இருந்தால் வெளிவேலை மொத்தம் ஆறு மணி நேரத்துக்கு மேல் கூடாது; அதிலும் வெப்பம் உச்சமாக இருக்கும் மூன்று மணி நேரம் வெளியே வேலை வாங்கக் கூடாது. 35 முதல் 37க்குள் இருந்தால் ஆட்களை மாற்றி மாற்றி வேலை வாங்க வேண்டும். மிகைநேர வேலை கூடாது. முதலாளி போதிய குடிநீரும் தேவையான மருந்தும் தர வேண்டும். குடிநீருக்குப் பதிலாகப் பணத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கக் கூடாது.

இந்த விதியில் மருந்தும் இடம்பெறுகிறது. ஆனால் உயிரைக் காப்பது எது என்று பாருங்கள். அந்த மூன்று மணி நேர ஓய்வுதான். ஒரு பெட்டி குப்பிகளை வாங்கிக் கொடுப்பது எளிது, செலவும் குறைவு. பகல் பன்னிரண்டு மணிக்கு வேலையை நிறுத்தச் சொல்வது கடினம், கட்டடம் தாமதமாகும். எளிதானதைச் செய்துவிட்டு, கடினமானதைச் செய்ததாக நினைத்துக்கொள்ளும் பழக்கம் எல்லா நாட்டு மனிதர்களிடமும் உண்டு. குப்பி கைக்கு வந்ததும், "மருந்து குடித்தாயிற்று, இன்னும் இரண்டு மணி நேரம் தாங்கலாம்" என்று தொழிலாளியும் நம்பிவிடுகிறார். மருந்தின் மிகப் பெரிய தீங்கு இந்த நம்பிக்கையில்தான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன். மேலே சொன்ன மதுசாரம்கூட இதற்கு அடுத்ததுதான்.

நீங்கள் செய்யக்கூடியது

நண்பர்களே, வெயிலில் ஒருவர் தடுமாறி விழுவதை நீங்கள் காண நேரலாம். அப்போது என்ன செய்ய வேண்டும் என்பதை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். உடனே நிழலுக்குக் கொண்டுபோகப் பெரியவர்களை அழையுங்கள். ஆம்புலன்சுக்குச் சொல்லுங்கள். அது வரும்வரை காத்துக்கொண்டு நிற்காதீர்கள். இறுக்கமான உடையைத் தளர்த்தி, உடல் முழுவதும் தண்ணீரை ஊற்றி விசிறுங்கள். ஐஸ் கிடைத்தால் கழுத்திலும் அக்குளிலும் வையுங்கள். முதல் அரை மணி நேரத்துக்குள் உடலைக் குளிர்விக்க முடிந்தால் பிழைக்கும் வாய்ப்பு மிகவும் அதிகம். நினைவு தெளிவாக இருந்தால் மட்டும் தண்ணீர் கொடுங்கள். நினைவு தடுமாறினால் தண்ணீரோ, கஷாயமோ, குப்பி மருந்தோ எதையும் வாயில் ஊற்றாதீர்கள்.

ஹுவோஷியாங் ஜெங்சி தன் இடத்தில் இருக்கட்டும். புழுக்கமான நாளில் வயிறு புரட்டும் பெரியவர் ஒருவர், வைத்தியரைக் கேட்டு அதைக் குடிக்கட்டும். அதன் பதினொரு சரக்குகளிலும் இன்னும் எத்தனை உண்மைகள் மறைந்திருக்கின்றனவோ, அவற்றைத் தேடும் ஆராய்ச்சியாளர்களுள் நாளை நீங்களும் ஒருவராக இருக்கலாம். ஆனால் வெயிலில் கிடப்பவரைக் கண்டால் குப்பியை நினைக்காதீர்கள். முதலில் நிழல், அடுத்து ஒரு வாளி தண்ணீர், மற்றதெல்லாம் பிறகுதான்.